கூட்டுச் சுவாச மருந்து: தொய்வு நோயிலும் நாட்பட்ட சுவாசத் தடை நோயிலும் அதன் பயன்பாடு

இளைப்பு, இரைப்பு, ஈளை, முட்டு, தொய்வு எனப் பல பெயர்களால் எமது முன்னோர் ஒரு துன்பத்தைக் குறித்து வந்துள்ளனர். ஒரு நோய்க்கு இத்தனை சொற்கள் வழங்குதல், அந்நோய் எமது மக்களிடையே நெடுங்காலமாக நிலைத்துள்ளது என்பதற்குச் சான்றாகும். மேனாட்டார் வழங்கும் 'ஆஸ்துமா' என்ற கிரேக்கச் சொல்லும் மூச்சிரைத்தல் என்ற பொருளையே தருகின்றது. ஆயின் இச்சொற்கள் யாவும் நோயாளி உணரும் துன்பத்தைக் குறிப்பனவேயன்றி, அத்துன்பத்தின் அடியில் உள்ள நோயைக் குறிப்பன அல்ல. நாம் இக்கட்டுரையில் ஆராயப் புகும் மருந்தின் பயனும், அம்மருந்து தவறாகக் கையாளப்படுவதால் விளையும் கேடும், துன்பத்துக்கும் நோய்க்கும் இடையே உள்ள இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளன.

எமது வீடுகளிற் பலகாலும் காணப்படும் ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். தொய்வு நோயாளிக்கு வைத்தியர் இரண்டு இன்கேலர்களைக் கொடுக்கின்றார். ஒன்று முட்டு வரும்போது உடனே பயன்படுத்தத் தக்க தணிப்பு மருந்து; மற்றது முட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள்தோறும் காலையும் மாலையும் எடுக்க வேண்டிய பராமரிப்பு மருந்து. முதலாவதன் பயன் சில நிமிடங்களில் நோயாளிக்குத் தெரிகின்றது. இரண்டாவதன் பயன் அன்றே தெரிவதில்லை. எனவே சில வாரங்களில் இரண்டாவது அலுமாரியில் ஒதுங்குகின்றது. முதலாவது சட்டைப் பையில் நிரந்தர இடம் பெறுகின்றது. நோயாளி தாம் நலமாக இருப்பதாகவே எண்ணுகின்றார். அவரது சுவாசக்குழாய்களோ வேறொரு கதையைச் சொல்கின்றன.

இரு நோய்களும் அவற்றின் இயல்பும்

வாதனாளி இரண்டாகப் பிரிந்து, மேலும் மேலும் கிளைத்து, இறுதியில் சிற்றறைகளில் முடிகின்றது. இக்கிளைக் குழாய்களின் சுவரில் வட்டமாக அமைந்த மழமழப்பான தசையும், உட்புறத்தில் சளியைச் சுரக்கும் மென்படையும் உள்ளன. தொய்வு நோயில் இம்மென்படை நாட்பட்ட அழற்சிக்கு உள்ளாகி வீங்கியிருக்கும். அவ்வாறு அழற்சியுற்ற குழாய், தூசு, புகை, குளிர்காற்று, தடிமன் முதலியவற்றுக்கு அளவு கடந்து எதிர்வினை காட்டும். தசை சுருங்கும், சளி மிகும், குழாயின் விட்டம் குறையும். இதுவே முட்டு. தசை தளர்ந்ததும் முட்டு நீங்கலாம்; அழற்சியோ நீங்காது எஞ்சியிருக்கும். எரிகின்ற அடுப்பின் மேல் பொங்கும் பாலுக்கு நீர் தெளிப்பது போன்றதே தணிப்பு மருந்தை மட்டும் நம்பியிருத்தல். பொங்குதல் அப்போதைக்கு அடங்கும்; அடுப்போ அணையவில்லை.

நாட்பட்ட சுவாசத் தடை நோய் இதற்கு அயலதாயினும் வேறானது. பல ஆண்டுகள் உள்ளெடுத்த புகையினால் குழாய்கள் நிலையாகக் குறுகுகின்றன. சிற்றறைகளின் சுவர்கள் அழிகின்றன. தொய்வில் அடைப்பு பெரும்பாலும் மீளத்தக்கது. இந்நோயில் முழுமையாக மீளாதது. இதற்குத் தலையாய காரணம் புகைத்தல். சிகரெட்டு, பீடி, சுருட்டு என்னும் வேறுபாடு இங்கு எவரையும் காப்பதில்லை. புகையிலையைப் பணப்பயிராகக் கொண்டு சுருட்டுத் தொழிலை வளர்த்த யாழ்ப்பாணக் குடாநாட்டினர்க்கு இது சிந்திக்க வேண்டிய செய்தியாகும். ஒருபோதும் புகைத்தறியாத பெண்களுக்கும் இந்நோய் வருதல் உண்டு. காற்றோட்டமற்ற அடுக்களையில் பல்லாண்டு விறகுப் புகையை உள்ளெடுத்தமை அதற்குரிய காரணங்களுள் முதன்மையானது. இவ்விரு நோய்களையும் பிரித்தறியச் சுவாசமானிப் பரிசோதனை உதவும். சிலரிடம் இரண்டும் ஒருங்கே காணப்படுதலும் உண்டு.

ஊமத்தைப் புகையிலிருந்து இன்கேலர் வரை

மருந்தை வாய்வழி விழுங்காது மூச்சுவழி எடுக்கும் முறை எமக்குப் புதியதன்று. ஊமத்தையை உலர்த்திப் புகைக்கும் வழக்கம் இந்திய மருத்துவத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னையில் இருந்த ஆங்கிலேயர் வாயிலாக அது பிரித்தானியாவை அடைந்து, அங்கு நெடுங்காலம் வழங்கியது. ஊமத்தையில் உள்ள அற்றோப்பீன் முதலிய பொருள்கள், சுவாசக்குழாயைச் சுருக்கும் நரம்புத் தூண்டலைத் தடுக்கின்றன. நஞ்சுத்தன்மை மிக்க அப்புகையை இன்று எவரும் நாடலாகாது. எனினும், அதே தத்துவத்தில் இயங்கும் தியோற்றுரோப்பியம் என்னும் மருந்து இன்று நாட்பட்ட சுவாசத் தடை நோயின் சிகிச்சையில் முன்னிற்பது குறிப்பிடத்தக்கது.

20ஆம் நூற்றாண்டில் அதிரீனலின் ஊசியும் எபிதிரீன் குளிசையும் வந்தன. 1955இல் ஐக்கிய அமெரிக்காவில், றைக்கர் ஆய்வுகூடத்தின் தலைவரான ஜோர்ஜ் மேசனின் மகள், தொய்வு நோயால் வருந்திய சிறுமி, தலைமயிருக்கு அடிக்கும் விசிறலைப் போல இம்மருந்தையும் ஏன் ஒரு குப்பியில் அடைக்கலாகாது எனத் தந்தையிடம் வினவினாள். 1956இல் அளவு குறித்து விசிறும் முதலாவது இன்கேலர் விற்பனைக்கு வந்தது. ஒரு சிறுமியின் வினா கோடிக்கணக்கானோருக்கு மூச்சைத் தந்தது எனலாம்.

ஆயின் அதன் பின் நிகழ்ந்தது துயரமானது. 1960களில் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் இளம் வயதினரிடையே தொய்வு மரணங்கள் பல மடங்கு பெருகின. வலிமை மிக்க ஐசோபிரினலின் விசிறலின் மிகைப் பாவனையே இதற்குக் காரணம் என ஐயுறப்பட்டது. 1976 முதல் நியூசிலாந்தில் மீண்டும் மரணங்கள் பெருகின. அப்போது ஐயத்துக்கு உள்ளானது பெனற்றரோல் என்னும் மருந்து. மருந்தின் நேரடித் தீங்கு எவ்வளவு, உடனடித் தணிவினால் ஏமாந்து உரிய சிகிச்சையை நாடாமை எவ்வளவு என்பது பற்றி அறிஞர் நெடிது விவாதித்தனர். இரண்டிலிருந்தும் பெறப்படும் பாடம் ஒன்றே: தணிப்பு மருந்து மட்டும் போதாது.

இதற்கிடையே 1969இல் இதயத்தைக் குறைவாகத் தாக்கும் சல்பூற்றமோல் வந்தது. 1972இல் பெக்கிளோமெதசோன் என்னும் ஸ்ரீரொயிட்டு மருந்து இன்கேலர் வடிவிற் கிடைத்தது. அழற்சியையே தணிக்கும் மருந்து, உடல் முழுவதும் பரவாது சுவாசக்குழாய்க்கே நேராகச் செல்லும் வழி இவ்வாறு திறந்தது.

இரு மருந்துகள் ஒன்று சேர்ந்தமைக்குக் காரணம்

சல்பூற்றமோலின் பயன் நான்கு முதல் ஆறு மணிநேரமே நிற்கும். 12 மணிநேரம் பயன் தரும் சல்மெற்றரோல், போர்மோற்றரோல் என்பன பின்னர் வந்தன. ஸ்ரீரொயிட்டு இன்கேலர் எடுத்தும் நோய் அடங்காதவர்க்கு என் செய்வது என்பது வைத்தியரை எதிர்நோக்கிய வினா. ஸ்ரீரொயிட்டின் அளவைக் கூட்டுதலே இயல்பான விடையாகத் தோன்றியது. 1994இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்று, அளவைக் கூட்டுவதிலும் சல்மெற்றரோலைச் சேர்ப்பது நோயாளிகளின் சுவாசத்தையும் நோய்க்குறிகளையும் மேலும் சீராக்கியதெனக் காட்டியது. 852 நோயாளிகளைக் கொண்டு ஓராண்டு நடத்தப்பட்டு 1997இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் தெளிவானது. குறைந்த அளவு புடெசொனைட்டுடன் போர்மோற்றரோலைச் சேர்த்தபோது கடுமையான தாக்கங்கள் 26 சதவீதம் குறைந்தன. புடெசொனைட்டின் அளவை மட்டும் நான்கு மடங்காக்கியபோது 49 சதவீதம் குறைந்தன. இரண்டையும் செய்தபோது 63 சதவீதம் குறைந்தன. தாக்கத்தைத் தடுப்பதில் அழற்சியைத் தணிக்கும் மருந்துக்கே முதலிடம் உண்டென்பதும், மற்றது அதற்குத் துணையாகும் என்பதும் இவ்வெண்களால் விளங்கும்.

இதற்கு உடற்றொழிலியல் விளக்கமும் உண்டு. தசையைத் தளர்த்தும் மருந்து, தசைக் கலங்களில் உள்ள பீற்றா வாங்கிகளைத் தூண்டுகின்றது. ஸ்ரீரொயிட்டு அவ்வாங்கிகளின் தொகையைப் பேணுகின்றது. மறுபுறம், பீற்றா மருந்து, ஸ்ரீரொயிட்டின் வாங்கிகள் கலத்தின் கருவினுட் சென்று தொழிற்பட உதவுகின்றது. ஒன்று மற்றதன் பணியை எளிதாக்கும் இவ்வுறவே கூட்டின் வலிமை.

அவ்வாறாயின் இரண்டையும் வெவ்வேறு குப்பிகளில் வைத்தல் ஆகாதா என்ற வினா எழலாம். 1996இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கி 2003இல் இடைநிறுத்தப்பட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. வழமையான சிகிச்சையுடன் சல்மெற்றரோலோ போலி மருந்தோ பெற்ற 26,355 பேர் அதிற் பங்குகொண்டனர். சல்மெற்றரோல் பெற்றோருள் 13 பேர் தொய்வினால் இறந்தனர். போலி மருந்து பெற்றோருள் இறந்தோர் 3 பேர். தொடக்கத்தில் ஸ்ரீரொயிட்டு இன்கேலர் எடுத்துக்கொண்டிருந்தோர் பாதிக்கும் குறைவானவரே. பின்னர் நடந்த பெரும் ஆய்வுகள், ஒரே கருவியில் ஸ்ரீரொயிட்டுடன் சேர்ந்திருக்கையில் இவ்வகை ஆபத்து அதிகரிக்கவில்லை எனக் காட்டியமையால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கூட்டு மருந்துகளின் மீது இட்டிருந்த கடும் எச்சரிக்கையை 2017இல் நீக்கியது. ஒரே குப்பியில் அடைத்தலின் சிறப்பு இதுவே: பயன் உடனே தெரியாத மருந்தைக் கைவிட்டு மற்றதை மட்டும் எடுக்க நோயாளியால் இயலாது. தொய்வு நோயாளி நீண்டநேரப் பீற்றா மருந்தை ஸ்ரீரொயிட்டு இன்றித் தனியே எடுத்தல் ஒருபோதும் ஆகாது.

கூட்டின் இரு வகைகள்

பரவலாக வழங்கும் கூட்டுகள் இரண்டு. ஒன்று சல்மெற்றரோல் – புளூற்றிக்கசோன். மற்றது போர்மோற்றரோல் – புடெசொனைட்டு. பின்னதை உலக சுகாதார நிறுவனம் 2017இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. நாளுக்கு ஒருமுறை மட்டும் எடுக்கத் தக்க கூட்டுகளும் பின்னர் வந்துள்ளன.

முதலிரண்டுக்கும் இடையே நோயாளி அறியவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. போர்மோற்றரோல் சில நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கும். ஆகவே அக்கூட்டை, வைத்தியர் அவ்வாறு பணித்திருப்பின், நாளாந்தப் பராமரிப்புக்கும் முட்டு வரும்போது தணிப்புக்கும் ஒருங்கே பயன்படுத்தலாம். தணிப்பை நாடும் ஒவ்வொரு முறையும் நோயாளி அழற்சிக்குரிய மருந்தையும் பெறுகின்றார் என்பது இதன் தனிச்சிறப்பு. சல்மெற்றரோல் மெதுவாகவே தொழிற்படும். அக்கூட்டைத் தணிப்பு மருந்தாகப் பயன்படுத்தலாகாது. அதனை எடுப்போர் சல்பூற்றமோலைத் தனியாக வைத்திருத்தல் வேண்டும். ஒரு கூட்டுக்குரிய விதியை மற்றதற்குப் பொருத்துதல் ஆபத்தானது.

2018இல் வெளியான ஆய்வுகளைத் தொடர்ந்து, உலகத் தொய்வு நோய் முன்னெடுப்பு 2019இல் தனது வழிகாட்டலை மாற்றியது. இளைஞரும் முதியோருமாகிய நோயாளிகள் எவரும், நோய் மென்மையானதாயினும், குறுநேரத் தணிப்பு மருந்தை மட்டும் கொண்டு சிகிச்சை பெறலாகாது என்பது அதன் சாரம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நிலவிய வழக்கத்தை மாற்றிய முடிவு இது. 2014இல் பிரித்தானியாவில் 195 தொய்வு மரணங்களை ஆராய்ந்த குழுவின் முடிவும் இதனை வலியுறுத்தும். குறுநேரத் தணிப்பு மருந்து பெற்றுவந்தோருள் எண்ணிக்கை அறியப்பட்ட 165 பேரில் 39 சதவீதத்தினர், இறப்பதற்கு முந்திய ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட தணிப்பு இன்கேலர்களுக்கு மருந்துச்சீட்டுப் பெற்றிருந்தனர். மாதம் ஒரு தணிப்பு இன்கேலர் முடிகின்றதெனின், அது நோய் அடங்கவில்லை என்பதற்கான எச்சரிக்கை மணியாகும்.

நாட்பட்ட சுவாசத் தடை நோயில்

இந்நோயிற் கூட்டின் இடம் வேறு. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, 6,112 நோயாளிகளை மூன்றாண்டுகள் கவனித்தது. சல்மெற்றரோல் – புளூற்றிக்கசோன் கூட்டைப் பெற்றோருள் 12.6 சதவீதத்தினரும் போலி மருந்து பெற்றோருள் 15.2 சதவீதத்தினரும் இறந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் உறுதிப்பாட்டின் எல்லையை மயிரிழையில் தவறவிட்டது. தாக்கங்கள் குறைந்தன, ஆயினும் நியூமோனியா 12.3 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாக உயர்ந்தது. நன்மையும் தீமையும் ஒருங்கே நின்றமையால், யாருக்கு இது தகும் என்ற வினா முதன்மை பெற்றது.

குருதியில் இயோசினோபில் கலங்கள் மிகுந்தவர்க்கும் அடிக்கடி தாக்கத்துக்கு உள்ளாவோர்க்கும் ஸ்ரீரொயிட்டால் நன்மை அதிகம். ஏனையோர்க்கு, தசையைத் தளர்த்தும் இருவகை நீண்டநேர மருந்துகளின் சேர்க்கையே முதலிற் பரிந்துரைக்கப்படுகின்றது. ஸ்ரீரொயிட்டு வேண்டப்படுமாயின் மூன்றையும் சேர்த்து வழங்குதல் மேல் என்பது 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டலின் கருத்து. எனவே அயலவருக்குப் பயன் தந்தது எமக்கும் தரும் எனக் கருதி இன்கேலரைக் கைமாற்றிக் கொள்ளுதல் தவறு. புகைப்பவர் புகைத்தலை நிறுத்துதலே முதலாவது மருந்து என்பதையும் இங்கு மறத்தலாகாது.

கையாளும் முறை

விசிறப்படும் மருந்து முழுவதும் சுவாசக்குழாயை அடைவதில்லை. துணிக்கைகளுள் ஏறத்தாழ 1 முதல் 5 மைக்கிரோன் வரை விட்டமுள்ளவையே ஆழச் செல்வன. பெரியவை தொண்டையில் ஒட்டிக்கொள்கின்றன. முறை தவறின் மருந்தின் மிகப்பெரும் பகுதி வாயிலேயே தங்கும். ஆகவே மருந்து வேலை செய்யவில்லை என முடிவு செய்யுமுன், அது உரிய இடத்தை அடைந்ததா எனக் காணல் வேண்டும்.

அமுக்க விசிறல் இன்கேலரை நன்கு குலுக்கி, மூடியை அகற்றி, மூச்சை முழுவதும் வெளிவிட்டு, வாய்முனையை உதடுகளால் இறுகப் பற்றி, மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சை உள்ளெடுக்கத் தொடங்கியவுடன் குப்பியை ஒருமுறை அழுத்தல் வேண்டும். உள்ளெடுத்தல் முடியும் வரை தொடர்ந்து, ஏறத்தாழ 10 செக்கன் மூச்சை அடக்கிப் பின் விடல் வேண்டும். இரண்டாவது விசிறலுக்கு முன் அரை நிமிடமாயினும் பொறுத்தல் நன்று. கையும் மூச்சும் ஒத்திசையாத சிறுவர்க்கும் முதியோர்க்கும் இடைக்கலம் பெரிதும் உதவும். அது தொண்டையிற் படியும் மருந்தையும் குறைக்கும்.

தூள் வடிவ இன்கேலருக்கு விதி நேர்மாறானது. அதில் உந்தும் வாயு இல்லை. நோயாளியின் மூச்சே தூளை உடைத்து உள்ளிழுக்கின்றது. எனவே வேகமாகவும் வலிமையாகவும் உள்ளெடுத்தல் வேண்டும். கருவியினுள் மூச்சை வெளிவிடலாகாது. ஈரம் தூளைக் கட்டியாக்கும். ஈரப்பதன் மிக்க எமது நாட்டில் அதனை உலர்ந்த இடத்தில் வைத்தல் இன்றியமையாதது.

இரு வகையிலும் மருந்தெடுத்த பின் வாயைக் கொப்பளித்து நீரைத் துப்பிவிடல் வேண்டும். பல் துலக்குமுன் மருந்தெடுக்கும் வழக்கத்தைக் கைக்கொள்ளின் இது தானே நிகழும், மருந்தும் மறவாது. 120 விசிறல் கொண்ட குப்பியில் நாளுக்கு நான்கு எடுப்பவர்க்கு அது 30 நாள்களுக்கே போதும். அதன் பின்னும் விசிறல் வருமாயினும் அதில் உரிய அளவு மருந்து உள்ளதெனக் கொள்ள இயலாது. தொடக்க நாளைக் குப்பியின் மேல் எழுதி வைத்தல் எளிய உபாயமாகும்.

அச்சங்களும் உண்மைகளும்

இன்கேலர் இறுதி மருந்து என்றும், ஒருமுறை தொடங்கின் விடமுடியாதென்றும், குளிசையே மென்மையானதென்றும் எம்மிடையே பலர் நம்புகின்றனர். உண்மை இதற்கு மாறானது. கடுந்தாக்கத்தின்போது வழங்கப்படும் பிரெட்னிசொலோன் குளிசை நாளுக்கு 40 மில்லிகிராம், அஃதாவது 40,000 மைக்கிரோகிராம் வரை செல்லும். இன்கேலரில் ஒரு முறை எடுக்கும் ஸ்ரீரொயிட்டு சில நூறு மைக்கிரோகிராமே. மருந்துகளின் வலிமை வேறுபடினும், உடல் முழுவதற்கும் செல்லும் அளவில் உள்ள இடைவெளி பெரிது. பராமரிப்பு மருந்தைத் தவிர்ப்பவரே ஈற்றில் குளிசையையும் வைத்தியசாலைக் கட்டிலையும் அடிக்கடி நாட வேண்டியவராகின்றார். இம்மருந்து அடிமைப்படுத்துவதும் அன்று. நோய் சில மாதங்கள் அடங்கியிருப்பின் வைத்தியரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

பக்க விளைவுகள் இல்லை எனக் கூறோம். குரல் கம்முதல், வாயில் வெண்படலம் படரும் பங்கசு நோய், கைநடுக்கம், நெஞ்சுப் படபடப்பு என்பன ஏற்படலாம். உயர்ந்த அளவை நெடுங்காலம் எடுப்போரின் எலும்பும் அதிரீனற் சுரப்பியும் பாதிப்புறலாம். சிறுவயதில் ஸ்ரீரொயிட்டு இன்கேலர் எடுத்தோரை வளர்ந்த பின் அளந்த ஆய்வொன்று, சராசரி உயரத்தில் ஏறத்தாழ 1.2 சென்ரிமீற்றர் குறைவைக் கண்டது. பிள்ளையின் மூச்சோடு ஒப்பிட்டு இதனை நிறுத்தல் பெற்றோர் கடன். கருவுற்ற தாய்மார் அச்சத்தால் மருந்தை நிறுத்துதல் தாய்க்கும் சேய்க்கும் கேடு தரும். அவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடர்தல் வேண்டும். ஒரு வசனத்தைத் தொடர்ந்து பேச இயலாமை, உதடு நீலமாதல், தணிப்பு மருந்துக்கும் முட்டு அடங்காமை ஆகிய குறிகள் தோன்றின் காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

முடிவுரை

1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கலாம் என்பதை மானிப்பாயில் செய்து காட்டினார். பேராதனையில் மருந்தியல் கற்பித்த பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் அமைந்த அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் வாயிலாக, மருந்தை வணிகப் பெயராலன்றி அதன் இயற்பெயரால் அறியும் நெறியை இந்நாட்டில் நிலைநாட்ட முயன்றார். இவ்விரு பணிகளும் இன்னும் முற்றுப்பெறவில்லை. இன்கேலர்ப் பெட்டியினுள் மடித்து வைக்கப்பட்டுள்ள தாள், அதனை வாங்கும் எமது கிராமத்து மூதாட்டிக்கு விளங்காத மொழியிலேயே பெரும்பாலும் உள்ளது. அவரிடம் உள்ளது எவ்வகை மருந்து, எதற்கு, எப்படி, எவ்வளவு காலம் என்பதை அவர் மொழியில் எடுத்துரைப்பார் இல்லையெனின், விலைமிக்க அக்கூட்டு மருந்தும் அலுமாரிக்கே உரியதாகும்.

இதனை வாசிப்போர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ அயலிலோ உள்ள ஒரு தொய்வு நோயாளியை அணுகி, அவர் தமது இன்கேலரை எவ்வாறு எடுக்கின்றார் எனக் காட்டும்படி கேட்பாராக. பிழை காணின் அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது அதனைக் கையோடு கொண்டுசென்று செய்து காட்டும்படி சொல்வாராக. முட்டு இல்லாத நாளில் எடுக்கும் மருந்தே முட்டு வரும் நாளைத் தடுக்கும் என்னும் இச்சிறு உண்மை எமது இல்லங்களை அடையுமாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவெய்தும்.